முதல் சுற்றில் தேறாதவர்கள்

எனக்கு வரிசை பிடிக்கும். பஸ்ஸுக்கு நின்றாலும் பல் பிடுங்க நின்றாலும், வரிசையில் நிற்கும் நேரத்தில் மனிதன் கொஞ்சம் நாகரிகமாகிவிடுகிறான் என்பது என் எண்ணம். இடித்துக்கொண்டு முன்னால் போகிறவனை நான் ஒருமுறையும் மன்னித்ததில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வந்திருக்கலாம். என்மேல் உள்ள புகாரைப் படித்தால் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

உங்களுக்கு பேஸ்பால் தெரியாது என்றீர்கள். பரவாயில்லை மேடம், எங்கள் லீக்கின் உரிமையாளர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. ஒருவன் பந்தை எறிவான், இன்னொருவன் மட்டையால் அடிப்பான், மற்றவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார்கள். எங்கள் லீக்கில் அந்தத் தொப்பிகூடக் கிடையாது. ஆடுவது கம்ப்யூட்டர். ஆட்டக்காரர்கள் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைகள். மைதானம் இல்லை, பந்து இல்லை, வியர்வை இல்லை. அணிக்கு ஒருவராக உரிமையாளர்கள் பன்னிரண்டு பேர் மட்டும் நிஜம். அந்தப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஆனாலும் ஒருவரையொருவர் 'உரிமையாளர் அவர்களே' என்றுதான் அழைத்துக்கொள்வோம். நான் இந்த லீக்கின் ஆணையர். முறையாகத் தேர்தல் நடந்தது. எதிர்த்து நிற்க யாருக்கும் நேரமில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை டிராஃப்ட் நடக்கும். புதிதாக வந்திருக்கும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன வருஷம் கடைசியில் வந்த அணிக்கு முதல் உரிமை. ஜெயித்த அணி கடைசியில் எடுக்க வேண்டும். தோற்றவனுக்கு முதலில் பரிமாறுகிற இந்த ஏற்பாட்டைவிட நியாயமான ஒன்றை மனிதர்கள் இதுவரை கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எங்கள் டிராஃப்டில் ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு புது ஆளும் எவ்வளவு தூரம் வருவான் என்பதைக் கம்ப்யூட்டரே நட்சத்திரம் போட்டு அவன் நெற்றியில் ஒட்டி அனுப்பிவிடும். ஐந்து நட்சத்திரக்காரன் ஐந்து நட்சத்திரக்காரனாகவே வளர்ந்து, அப்படியே ஓய்வு பெறுவான். யாரை எடுப்பது என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. லாரி ஆபீஸ்காரர்தான் இதை முதலில் போட்டு உடைத்தார். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் உரிமையாளர் அவர். தொண்டை பெரியது. கூட்டத்தில் அவர் பேசினால் என் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்பேன்.

"ஆணையரே, இது டிராஃப்டா? டோக்கன் வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. முதல் ஆளுக்கு அஞ்சு, அடுத்த ஆளுக்கு நாலரை, அதுக்கடுத்து நாலு. இதுக்கு நாம எதுக்கு? நம்ம வீட்டுப் பூனையை உக்கார வச்சாலும் எடுத்துரும்."

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் எங்கள் லீக்கில் உண்டு. அவர், "இது கட்டமைப்பு சார்ந்த ஒரு சிக்கல்" என்றார். பூனையும் கட்டமைப்பும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்ட பிறகு ஆணையர் சும்மா இருக்க முடியாது. டிராஃப்ட் மேம்பாட்டுக் குழு அமைத்தேன். தலைவர் நான், செயலாளர் நான், உறுப்பினரும் நான். குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

முதலில் நட்சத்திரங்களை மறைத்தோம். யார் வளர்வான், யார் தேய்வான் என்பதைக் குலுக்கலுக்கு விட்டோம். சரியாக வரவில்லை. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முழங்கையும் உடைந்தது. உருப்படாத ஒருவன் ஒரே வாரத்தில் மகா வீரன் ஆனான். "நம்பற மாதிரி இல்லய்யா" என்றார் லாரி ஆபீஸ்காரர். அவர் சொன்னது சரி. மனிதர்கள் அப்படிக் கெட்டுப்போவதில்லை. மெதுவாக, ஒரு காரணத்தோடு, பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாமல்தான் கெடுகிறார்கள்.

நான் வேலை பார்க்கும் இடம் உங்களுக்குத் தெரியும். மூட்டுக்கும் தோளுக்கும் பயிற்சி சிகிச்சை கொடுக்கும் கிளினிக். முன் மேஜை என்னுடையது. யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை நான்தான் போடுவேன், நான்தான் போன் செய்வேன், நான்தான் மாற்றுவேன். டாக்டரம்மா உள்ளே ஒருவரை முதல்முறை பார்த்துவிட்டு வெளியே வந்ததும், எத்தனை தடவை வரச்சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக, "தேறுமா டாக்டர்?" என்று கேட்பேன். "தேறிடுவார், விடாம வந்தார்னா" என்பார். சில சமயம் "தேற நாளாகும்" என்பார். சில சமயம் உதட்டைப் பிதுக்குவார்.

ஒருநாள் அப்படிக் கேட்டபோது எனக்கே என் குரல் வேறு இடத்தில் கேட்டது போல் இருந்தது. முந்தின தினம் லீக் கூட்டத்தில் ஒரு புதுப் பந்தெறிபவனைக் காட்டி அதே வார்த்தையைத்தான் கேட்டிருந்தேன். இவன் தேறுவானா? ஆட்டக்காரனைப் பற்றிக் கேட்டாலும் நோயாளியைப் பற்றிக் கேட்டாலும் நாம் கேட்பது ஒரே கேள்வி. இரண்டு இடத்திலும் பதில் சொல்கிறவருக்கு நிச்சயமாகத் தெரியாது. எங்கள் டிராஃப்டுக்கு இல்லாமல் போனது அந்த நிச்சயமின்மைதான். அது என் மேஜைக்கு எதிரில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், முழங்காலில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தது.

அதன்பிறகு வேலை சுலபம். ஒவ்வொரு புது ஆட்டக்காரனையும் கிளினிக்கின் ஒரு நோயாளியோடு சேர்த்தேன். டாக்டரம்மா முதல்நாள் சொல்வது, உரிமையாளர்கள் பார்க்கக்கூடிய கணிப்பு. அதன்பிறகு அந்த நோயாளிக்கு என்ன ஆகிறதோ, அதுவே ஆட்டக்காரனின் எதிர்காலம். அவர் மாடிப்படி ஏறினால் இவன் வேகமாக ஓடுவான். அவருக்கு வலி திரும்பினால் இவன் பெஞ்சில் உட்காருவான். யார் பெயரையும் நான் வெளியே விடவில்லை. நோயாளிகளின் அந்தரங்க விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

அந்த வருஷ டிராஃப்டைப் போல ஒன்று நடந்ததே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தேறுவான் என்று முதல் சுற்றில் எடுத்தவன் பாதியில் நின்றான். ஏழாவது சுற்றில் வேண்டாவெறுப்பாக எடுத்தவன் எழுந்து வந்தான். "மனுஷங்க மாதிரியே இருக்காங்கய்யா, எப்படிய்யா பண்ணினே?" என்று லாரி ஆபீஸ்காரர் கேட்டார். பேராசிரியர் என்னைப் பாராட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதி லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். முதல் சுற்றில் மூன்றில் ஒருவர் தேறாமல் போவதுதான் ஒரு டிராஃப்டின் ஆரோக்கியம் என்று அதில் நிறுவியிருந்தார். கிளினிக்கில் இத்தனை வருஷத்தில் என்னை யாரும் பாராட்டியதில்லை. பேனா எடுத்துக்கொண்டு போனால் திருப்பிக் கொடுத்ததும் இல்லை. பேராசிரியரின் வாக்கியத்தை அப்படியே எடுத்து லீக் விதிமுறையில் சேர்த்தேன். மூன்றில் ஒருவர் தேறமாட்டார் என்று ஆணையர் உத்தரவாதம் அளிக்கிறார். எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம்தான் சிக்கல் வந்தது. டாக்டரம்மா வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தார். புது முறைகள், புது ரப்பர் பட்டைகள், புதுக் கண்டிப்பு. ஒருத்தரையும் விடவில்லை. எல்லோரும் தேறத் தொடங்கினார்கள். குச்சி ஊன்றி வந்தவர்கள் குச்சியை மறந்துவிட்டுப் போனார்கள். நான் போன் செய்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. கிளினிக்கில் ஒரே சந்தோஷம். லீக்கில் முதல் சுற்றில் எடுத்த பன்னிரண்டு பேரும் நட்சத்திரமாக மின்னினார்கள்.

"திரும்பவும் டோக்கன் பெஞ்சா?" என்றார் லாரி ஆபீஸ்காரர். "எவனுமே தேறாமப் போகலையே. உத்தரவாதம்னு போட்டீங்களே ஆணையரே, என்னாச்சு?"

கேட்க அவருக்கு உரிமை இருந்தது. எழுத்தில் கொடுத்ததைக் காப்பாற்றாதவன் ஆணையராக இருக்கக் கூடாது. பன்னிரண்டில் நான்கு பேர் தேறாமல் இருக்க வேண்டும். அதற்கு நான் யாரையும் தொட வேண்டியதில்லை, தொடவும் இல்லை. விடாமல் வந்தால் தேறுவார்கள் என்று டாக்டரம்மாவே சொல்கிறார். விடாமல் வருவதை மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு வரும்படி செய்தேன். போன் செய்து, "டாக்டர் ஊர்ல இல்ல, தேதியைத் தள்ளி வச்சிருக்கோம்" என்பேன். டாக்டரம்மா கேட்டால், "அவங்களுக்கு வர முடியலையாம்" என்பேன். இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். போனில் பேசிய ஒவ்வொருவரும் கடைசியில் எனக்கு நன்றி சொன்னார்கள். "மறக்காம கூப்பிட்டுச் சொல்றீங்களே சார், இந்தக் காலத்துல யாரு செய்றா" என்று ஓர் அம்மாள் சொன்னார். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருப்பவர். இடது முழங்கால்.

நான்கு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். என் இஷ்டத்துக்கு எடுக்கவில்லை. பன்னிரண்டு சீட்டு எழுதி, டம்ளரில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். தையல்கார அம்மாள் வந்தார். பள்ளிக்கூட நீச்சல் பயிற்சியாளர் வந்தார். கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். நான்காவது சீட்டில் 'ஏணி' வந்தான்.

ஏணி என்பது லீக்கில் நான் வைத்த பெயர். வலது கைப் பந்தெறிபவன். போன வருஷம் கடைசியில் வந்ததால் லாரி ஆபீஸ்காரருக்கு முதல் உரிமை கிடைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏணியைத்தான் எடுத்தார். கிளினிக்கில் அந்தச் சீட்டுக்கு உரியவன் ஒரு பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்து வலது தோளில் தசைநார் அறுந்து, ஆபரேஷனில் தைத்து, கையை மறுபடி தூக்கப் பழக்குவதற்காக எங்களிடம் வந்தவன். நான் அங்கே இருக்கிறேன் என்பதற்காகவே எங்களிடம் வந்தவன். என் மனைவியின் தம்பி.

சீட்டைத் திரும்ப டம்ளரில் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கலாமா என்று யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். ஆனால் மச்சினன் என்பதற்காக அவனை விலக்கிவிட்டு, அவன் இடத்தில் யாரோ பெற்ற பிள்ளையைப் போட்டால் அதற்குப் பெயர் என்ன? ஆபீஸ்களில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. சீட்டை மேஜையில் மற்ற மூன்றோடு வைத்தேன்.

அவன் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவன் அறை மூன்றாவது மாடியில், ஒற்றைக் கையோடு தனியாகச் சமாளிக்க முடியாது என்று என் மனைவி அழைத்து வந்திருந்தாள். வலது கையைத் துணிப்பட்டையில் தொங்கவிட்டபடி, இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவான். பாதி மேஜையில் விழும். சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். எங்கள் வீட்டுப் பெயின்ட் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, கை சரியானதும் முதல்ல இந்தச் சுவரைத்தான் அடிப்பேன். யாரு மாமா அடிச்சது? கண்ணை மூடிட்டு அடிச்சிருக்கான்."

"அவர்தான் அடிச்சாரு" என்றாள் என் மனைவி.

"அதான பாத்தேன். மாமா, நீங்க போன் எடுத்துப் பேசறதோட நிறுத்திக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் கேட்டான்: "டாக்டர் எப்பத்தான் மாமா வருவாங்க? ஆபரேஷன் பண்ணவர் பயிற்சியை நடுவுல விடக் கூடாதுன்னு சொன்னாரே."

"வந்துருவாங்க. நீ ஏன் பறக்கற?"

"ஏங்க, வேற இடத்துல காட்டலாமா?" என்றாள் மனைவி.

"காட்டலாம். அங்க ஆரம்பத்துலேருந்து பாக்கணும்பாங்க. இங்கன்னா நான் இருக்கேன்."

"அதுவும் சரிதான்க்கா" என்றான் அவன். "மாமா இருக்காருல்ல."

இன்னொரு நாள் குளியலறையில் வழுக்கி, பிடிமானத்துக்காக வலது கையை நீட்டிவிட்டான். வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "மாமா, உள்ள ஏதோ பட்டுனு விட்ட மாதிரி இருந்துச்சு."

"அது தையல் இளகறது" என்றேன். "எல்லாருக்கும் வரும். நல்லதுதான்."

அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. தலையணையைச் சரிசெய்து படுக்கவைத்தேன். அன்று மாலையே லீக்கில் ஏணியைக் காயமடைந்தோர் பட்டியலில் சேர்த்தேன். அணியின் மருத்துவர் பரிசோதித்தார், ஸ்கேன் எடுத்தார், முழு ஓய்வு கொடுக்கச் சொன்னார். மென்பொருளில் அதற்கெல்லாம் ஏற்பாடு இருக்கிறது. மிக நல்ல மென்பொருள்.

லாரி ஆபீஸ்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எப்போதும் கத்துகிறவர் அன்று மெதுவாகப் பேசினார். "பையனுக்கு என்னய்யா ஆச்சு? தோளா? கொஞ்சம் பாத்துக்கங்க ஆணையரே."

மற்ற உரிமையாளர்கள் ஏணியைக் கழற்றிவிட்டு வேறு ஆளை எடுக்கும்படி அவரிடம் சொன்னார்கள். மூழ்கிப்போன முதலீட்டுக்காக மேலும் முதலீடு செய்யக் கூடாது என்று பேராசிரியர் விளக்கினார். "புரொபசர், உங்க வீட்ல ஒருத்தருக்கு முடியலைன்னா தெருவுல விட்ருவீங்களா?" என்று கேட்டார் லாரி ஆபீஸ்காரர். "அவன் தேறுற வரைக்கும் நான் அவனை விடமாட்டேன்." பார்த்திராத, பிறக்காத ஒரு தோளுக்காக ஒரு மனிதர் அவ்வளவு உருகியதைப் பார்த்தபோது டிராஃப்ட் எவ்வளவு மேம்பட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

டாக்டரம்மா என் மச்சினனை மருந்துக்கடையில்தான் பார்த்திருக்கிறார். வலது கை உடம்போடு ஒட்டியிருக்க, பையை இடது கையில் தூக்கிக்கொண்டு நின்றானாம்.

"என்னப்பா, வர்றதையே நிறுத்திட்டே?"

"நீங்கதான் ஊர்லயே இல்லையே டாக்டர்."

"நான் எங்கயும் போகலையே."

ஸ்கேன் எடுத்தார்கள், நிஜ ஸ்கேன். தைத்த இடம் மறுபடி அறுந்து, தசைநார் உள்ளே சுருங்கிப் போயிருந்தது. வழுக்கிய அன்றைக்கே வந்திருந்தால் திரும்பத் தைத்திருக்கலாம், இனி இழுத்தாலும் எட்டாது என்றார்கள். கை தோள் உயரத்துக்கு வராது. சாப்பிடலாம், சட்டைக்குப் பட்டன் போடலாம். சுவர் அடிக்க முடியாது. அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலை.

மற்ற மூன்று பேரில், நீச்சல் பயிற்சியாளர் வீட்டிலேயே தானாகப் பயிற்சி செய்து தேறிவிட்டார். அதில் நான் தலையிடவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் விரலை மடக்க முடியாமல் கடையை அண்ணனிடம் விட்டிருக்கிறார். தையல்கார அம்மாளுக்கு மெஷினை மிதிக்கும் கால் அது. உங்களிடம் அவர் வாக்குமூலம் இருக்கும்.

டாக்டரம்மா என் மேஜைக்கு வந்து, "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கினேன்: டிராஃப்ட், நட்சத்திரம், பேராசிரியரின் கட்டுரை, உத்தரவாதம், டம்ளர். நடுவில் போன் அடித்தது. எடுத்து ஒருவருக்குத் தேதி கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.  கடைசியில் டாக்டரம்மா, "அவர் உங்க மச்சினன்தானே?" என்றார்.

"ஆமா டாக்டர். அதனாலதான் விலக்குக் கொடுக்கல."

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே ஆறேழு பேர் காத்திருந்தார்கள். வரிசை குலையாமல் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அவன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். என் மனைவி அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "விளையாட்டுக்கா செஞ்சீங்க?"

"இல்ல, டிராஃப்டுக்கு" என்றேன்.

அவள் கேட்டது வேறு என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் பையின் ஜிப்பை மூடிவிட்டாள். அவன் எழுந்து நின்றான். ஒரு பையை அவனே இடது கையில் எடுத்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "மாமா, தையல் இளகறதுன்னு சொன்னீங்களே" என்றான்.  அக்காவும் தம்பியும் படியில் இறங்கிப்போகும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நான் விளக்கைப் போட்டு, மேஜையில் உட்கார்ந்து, அந்த வார ஆட்டங்களை ஓடவிட்டேன். அவை ஓட வேண்டிய நாள் அது.

இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். யாரும் புகார் செய்யாத ஒன்று இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் ஆட்டங்கள் ஓடி முடிந்தபிறகு ஏணியின் பக்கத்தைத் திறந்தேன். நிஜத் தோள் இனி தேறாது என்பதால், விதிப்படி அவனை ஓய்வுபெற்றவனாக அறிவித்திருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. தோளுக்கு நேராக இருந்த எண்ணை அழித்துவிட்டுப் பழைய எண்ணைப் போட்டேன். கொஞ்சம் கூட்டியே போட்டேன். அடுத்த ஆட்டத்தில் அவன் எறிந்த பந்துகளை ஒருவராலும் தொட முடியவில்லை. "எந்திரிச்சுட்டான்யா என் புள்ள!" என்று லாரி ஆபீஸ்காரர் வாட்ஸ்அப் குழுவில் அழுதேவிட்டார். எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அதற்குக் குலுக்கல் வைக்கவில்லை. மேம்பாட்டுக் குழுவைக் கூட்டவில்லை. யாரையும் கேட்கவில்லை. அவன் என் மச்சினன் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அது முறைகேடு. அதைச் செய்தது நான்தான்.